அழையா விருந்தினர்

மனிதன் தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக் குடிபுகும் நாளிலேயே அவனோடு வேறு சிலரும் குடிபுகுகின்றனர். வீட்டின் பத்திரம் அவன் பெயரில் இருக்கலாம். வாடகைச் சீட்டும் அவன் பெயரில் இருக்கலாம். ஆயினும் விட்டத்தின் நிழல் பல்லிக்கு உரியது. அடுப்பங்கரையின் இருள் கரப்பானுக்கு உரியது. சர்க்கரைப் புட்டியின் விளிம்பு எறும்புக்கு உரியது. இவை அழைக்கப்படாமல் வருகின்றன, விடைபெறாமல் தங்குகின்றன. இவற்றை ஓட்டுவது எவ்வாறு என்னும் வினா, வீடு எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது. ஆனால் அவ்வினாவுக்கு மனிதன் கண்ட விடைகளுள் சில, வந்த விருந்தினரைவிடப் பெருந்தீங்கு விளைத்துள்ளன. அவ்வுண்மையைக் காண்பதற்குத் தொலைவிடம் செல்ல வேண்டுவதில்லை. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றின் குடியிருப்பே போதும்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்தது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களும், கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுதோறும் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. வெயில் தலைகாட்டும் பொழுதைவிடப் பனிமூட்டம் படர்ந்திருக்கும் பொழுதே பெரிது என்று தோன்றும். துவைத்த துணி இரண்டு நாளாகியும் ஈரம் உலராது. சுவரில் பூஞ்சணம் பூக்கும். ஈரமும் இருளும் இடுக்கும் சேர்ந்த பலகைச் சுவர் லயத்து வீட்டில் சிற்றுயிர்கள் செழிப்பதில் வியப்பென்ன?

விடிவதற்கு முன்னர்ப் பெரட்டுக்குச் செல்லவேண்டிய வீடுகளிலும், வாசலில் நாலு புள்ளிக் கோலமேனும் இடுகின்ற முதியவள் ஒருத்தி இருப்பாள். அரிசிமாவால் இட்ட கோலத்தை எறும்புகள் வரிசையாக வந்து பெயர்த்துச் செல்லும். பள்ளிச் சீருடை அணிந்து நிற்கும் பேரனுக்கு அது வீண் செலவாகப் படுகிறது.

"ஏன் பாட்டி, அரிசி விக்கிற விலையில எறும்புக்குப் போயி மாவு போடணுமா?"

"வாசல்லயே வயிறு நெறைஞ்சா அடுப்படிக்கு ஏன்டா கண்ணு வரப்போவுது? நீ சிந்தின சீனிய மொதல்ல தொடைச்சிட்டு வந்து பேசு."

பாட்டியின் விடையில் இரு பகுதிகள் உள்ளன. வாசலில் மாவிட்டால் எறும்பு உள்ளே வாராது என்று உறுதி கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டாம் பகுதி முற்றும் உண்மை. உணவைக் கண்டுகொண்ட ஓர் எறும்பு, திரும்பும் வழியெங்கும் மணச்சுவடு ஒன்றை இட்டுச் செல்கிறது. அச்சுவட்டைப் பற்றியே ஏனைய எறும்புகள் அணிவகுத்து வருகின்றன. வரிசையை நசுக்குவதால் பயனில்லை. சுவட்டைச் சவர்க்கார நீரால் துடைத்துச் சிந்திய சீனியையும் நீக்கினால் வரிசை தானே கலைந்துபோகும். எறும்பு வந்த காரணம் எறும்பிடத்தில் இல்லை. சிந்திய சீனியில் உள்ளது. இச்சிறு பாடமே வீட்டுப் பூச்சிகள் அனைத்துக்கும் பொதுவாக அமைகிறது.

எறும்பைத் தடுக்கத் தோட்டத்து இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் உபாயம் ஒன்றுண்டு. உணவு வைக்கும் அலமாரியின் நான்கு கால்களையும் நீர் நிரப்பிய நான்கு கிண்ணங்களில் நிறுத்திவைப்பர். நீரைக் கடக்க இயலாமல் எறும்பு நின்றுவிடும். எளிய உபாயம், காசில்லாத உபாயம். ஆனால் அக்கிண்ணத்து நீர் வாரக்கணக்கில் மாற்றப்படாமல் கிடந்தால் என்னாகும்? டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாடுவது சாக்கடையை அன்று. வீட்டினுள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே. மலைக்குளிர் கொசுப்புழுவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுத்துவிடாது. எறும்புக்கு வெட்டிய அகழி கொசுவுக்குத் தொட்டிலாகிவிடுகிறது! 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம், தன் வளாகத்தில் கொசுவுக்கு இடங்கொடுப்பவரைத் தண்டனைக்கு உரியவராக்குகிறது. சட்டத்திற்கு அஞ்சியேனும் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீரை மட்டும் மாற்றுவது போதாது. கொசுவின் முட்டைகள் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

மலைவீட்டில் கம்பளி இன்றியமையாத பொருள். சமவெளித் தோட்டங்களில் பெட்டியின் அடியில் கிடப்பது, இங்கே ஆண்டெல்லாம் போர்வையாகிறது. அக்கம்பளியை நாடி வருவன அந்துப்பூச்சியின் புழுக்கள். சுவரோரத்தில் சாம்பல் நிறத்தில், இருபுறமும் கூர்த்த தட்டையான சிறு கூடு ஒன்றை இழுத்துக்கொண்டு ஊரும் புழுவைப் பலரும் கண்டிருப்பர். அது சிலந்தி நூலையும் உதிர்ந்த மயிரையும் கம்பளி இழையையும் உண்டு வாழ்வது. இரவில் தாழ்வாரத்து விளக்கை நோக்கி வரும் பெரிய அந்துகளோ வேறு இனம். கேமரன் மலை அவற்றுக்குப் பெயர்பெற்றது. அவற்றுள் அட்லஸ் அந்து விரித்த கைபோல் அகன்ற சிறகுடையது. சிறகு முளைத்தபின் அதற்கு உண்ணும் வாயே இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த வலிமையைக் கொண்டு சில நாள் வாழ்ந்து, இனம் பெருக்கி, மடிந்துவிடுகிறது. ஒரு நூலிழையைக்கூடத் தின்ன இயலாத அப்பூச்சியைத் துடைப்பத்தால் அடித்து வீழ்த்துவது பிழை. வீட்டுக்குள் வந்தவை எல்லாம் பகை அல்ல என்பதை அறிவதே முதல் அறிவு.

கம்பளியைக் காக்கப் பாச்சை உருண்டைகளை இட்டு மூடிவைப்பது எங்கும் உள்ள வழக்கம். வழக்கமாக இருப்பதாலேயே அதன் தீமை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வுருண்டை பெரும்பாலும் நாப்தலின் என்னும் பொருளால் ஆனது. ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உளர். நாப்தலின் மணம் ஏறிய துணியில் அக்குழந்தையைப் பொதிந்து வைத்தால், குருதியின் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை உண்டாகலாம். அது முற்றினால் மூளையையும் தாக்கும். இதனாலேயே மலேசிய மருத்துவமனைகள் பிறந்த குழந்தையின் குருதியைச் சோதித்து இக்குறைபாடு உண்டா என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கின்றன. பேறுகாலத்துக்கென்று பாட்டி பெட்டியில் பொதிந்து வைத்த பழைய கம்பளி, அன்பின் அடையாளம்தான். ஆயினும் அதைத் துவைத்து, மணம் நீங்கும்வரை காற்றாட உலர்த்தாமல் பிள்ளைக்குப் போர்த்துவது தகாது. புழு கம்பளியில் ஒரு துளையிடும், அவ்வளவே. புழுவுக்கு இட்ட மருந்தோ பிள்ளையின் உயிரோடு விளையாடும். எது பெரிய பகை?

லயத்து வாழ்வின் துன்பங்களைப் பேசத் தொடங்கும் முதியோர் மறவாமல் கூறுவது மூட்டைப்பூச்சியை. பகலெல்லாம் பலகை இடுக்கிலும் பாய் மடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் தடம்பற்றி வந்து குருதி குடிக்கும். உணவின்றிப் பல மாதங்கள் உயிர்தாங்கும். குளிர் மிகுந்த இடத்தில் அந்நோன்பு இன்னும் நீளும். கட்டிலை வெயிலில் போடுவதும் இடுக்கில் கொதிநீர் ஊற்றுவதும் முன்னோர் கண்ட வழிகள். வெயிலே அரிதான மலையில் முதல் வழி முழுப்பயன் தருவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. என்னும் மருந்து வந்தபோது மூட்டைப்பூச்சியின் காலம் முடிந்தது என்றே உலகம் நம்பிற்று. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதற்குள்ளாகவே ஹவாய்த் தீவில் அம்மருந்துக்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டுவிட்டன. மருந்து வலியவற்றைக் கொல்லாமல் விட்டது. பிழைத்த வலியவை தம் இனத்தைப் பெருக்கின.

இன்று தேயிலைச் சரிவுகளில் பணிபுரிவோருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குச் சென்றுவிட்டன. நெருக்கமாகப் பலர் உறங்கும் அறை எதுவோ அங்கே மூட்டைப்பூச்சி இருக்கும். அதற்கு மொழி வேற்றுமை இல்லை. மத வேற்றுமை இல்லை. முன்னர்த் தமிழனைக் கடித்தபோது தமிழன் அழுக்கன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதே சொல்லை இன்று அயல்நாட்டுத் தொழிலாளியை நோக்கித் தமிழனே சொல்வானாயின், அவன் தன் பாட்டன் பட்ட பாட்டை மறந்தவன் ஆவான். பலகையின் இடுக்கை அடைக்காதது உறங்குகிறவனின் குற்றமன்று.

அழுக்கன் என்னும் அச்சொல் மிகக் கொடுமையாகப் பாய்வது பள்ளிக்கூடத்தில்தான். வகுப்பில் ஒரு சிறுமி இரு கைகளாலும் தலையைச் சொறிகிறாள். அருகிலிருப்பவள் "பேன்!" என்று கூவுகிறாள். சிரிப்பு எழுகிறது. ஆசிரியரும் பொறுமையிழந்து அவளைக் கடைசி வரிசையில் தனியே அமர்த்துகிறார் என்று கொள்வோம். அன்று அவள் கற்றது என்ன? கணக்கும் அன்று, தமிழும் அன்று. தான் தீண்டத்தகாதவள் என்பதே. மறுநாள் பள்ளிக்கு வாராமல் நின்றுவிட்டால் அதற்குப் பேனா பொறுப்பு?

பேன் பறப்பதுமில்லை, தாவுவதுமில்லை. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்கிறது. நாள்தோறும் தலைமுழுகும் பிள்ளையின் கூந்தலிலும் அது வாழும். எனவே பேன் இருப்பது அழுக்கின் அடையாளம் ஆகாது. தோழமையின் அடையாளம் என்றுகூடச் சொல்லலாம். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாள்களில் மடிந்துவிடும். ஆனால் மயிரில் ஒட்டிய ஈர், ஏழு முதல் பத்து நாள்களில் பொரிந்து புதிய பேனாகும். ஆகவே ஒருநாள் வாரிவிட்டு ஓய்ந்துவிடலாகாது. தேங்காயெண்ணெய் தடவிச் சிக்கெடுத்துப் பேன்சீப்பால் இரண்டு மூன்று வாரங்கள் விடாமல் வாரவேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவரின் தலையையும் பார்த்தல் வேண்டும். மாலையில் லயத்துப் படிக்கட்டில் ஒருத்தியின் முன் ஒருத்தியாகத் தாயும் மகளும் பேத்தியும் அமர்ந்து தலை பார்த்த காட்சி, ஊர்க்கதை பேசும் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது சிறந்த மருத்துவமுமாகும். அப்பொறுமை இல்லாதவர்கள் பிள்ளையின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றியதும் உண்டு. தோட்டத்தில் தெளிக்கும் மருந்தைத் தடவியதும் உண்டு. அடுப்பின் அருகே சென்ற மண்ணெண்ணெய்த் தலை என்னாகும் என்பதும், பயிர்மருந்து தோல்வழியே உடலுக்குள் செல்லும் என்பதும் கூறாமலே விளங்கும்.

பயிர்மருந்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியது உண்டு. கேமரன் மலையில் தேயிலையோடு காய்கறியும் பூவும் பெருமளவில் பயிராகின்றன. ஆகவே மருந்து எளிதில் கைக்குக் கிடைக்கிறது. தோட்டத்து மருந்தில் சிறிது எடுத்துப் பழைய பானப் புட்டியில் ஊற்றி, எலிக்கும் கரப்பானுக்கும் ஆகும் என்று அடுப்படி மூலையில் வைப்பவர் உளர். புட்டியின் மேல் ஆரஞ்சுப் பழத்தின் படம், உள்ளே நஞ்சு. எழுத்தறியாத நான்கு வயதுக் குழந்தை படத்தைத்தானே படிக்கும்? 1974-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம், நஞ்சுகள் பதிவுபெற வேண்டும் என்றும் உரிய சீட்டோடு விற்கப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. புட்டியை மாற்றும் கை, அச்சட்டத்தின் காவல் முழுவதையும் ஒரு நொடியில் கழற்றி எறிந்துவிடுகிறது. சிறிதளவு விழுங்கினாலும் முறிமருந்து இல்லாத பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை மலேசியா 2002-இல் தடைசெய்ய முற்பட்டது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மீண்டும் முழுத்தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் நீளம், நஞ்சை வீட்டுக்குள் விடுவது எளிது, வெளியேற்றுவது அரிது என்பதை உணர்த்தும்.

எலி உண்மையான பகைதான். அதன் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள புண்வழியே எலிக்காய்ச்சலைத் தரக்கூடும். ஆயினும் அதற்குரிய முதல் மருந்து, மூடியுள்ள குப்பைத்தொட்டி, இரண்டாவது, அடைத்த பொந்து, மூன்றாவது, பொறி, நான்காவது, பூனை. நஞ்சு இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கவேண்டியது.

பூனை என்றதும் சரவாக் மாநிலத்தில் நிகழ்ந்தது நினைவுகூரத்தக்கது. 1950-களில் அங்கே மலேரியாவை ஒழிக்க நீண்டவீடுகளில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. மலேரியா குறைந்தது, அந்நன்மையை மறுத்தல் கூடாது. ஆனால் கூரையோலையைத் தின்னும் புழுக்களை அதுவரை அடக்கிவைத்திருந்த சிறு குளவிகள் அம்மருந்தால் மடிந்தன. புழுக்கள் பெருகின, கூரைகள் பழுதுபட்டன. 1960-இல் உள்மலைப் பகுதியான பாரியோவில் எலித்தொல்லை மிக, பிரிட்டிஷ் அரச விமானப் படையினர் வான்குடை கட்டிப் பூனைகளை இறக்கினர். இறக்கியது சிலவே, வாய்வழியே வளர்ந்த கதையில் அவை ஆயிரக்கணக்காயின. மிகையை நீக்கிப் பார்த்தாலும் உண்மை நிற்கிறது. ஓர் இல்லத்தில் எந்த உயிர் எந்த உயிரை அடக்கிவைத்திருக்கிறது என்பதை அறியாமல் கை ஓங்குகிறவன், தன் கூரையின் மேலேயே கை ஓங்குகிறான்.

விட்டத்துப் பல்லியும் அக்குளவியைப் போன்றதே. அதன் ஒலியைச் சங்க காலத்துத் தமிழர் நிமித்தமாகக் கொண்டனர். அது விழும் இடத்துக்குப் பலன் எழுதினர் பிற்காலத்தார். பலன் பார்ப்பவரும் பாராதவரும் ஒன்றை ஒப்புவர்: விளக்கடியில் ஓர் இரவில் அது உண்ணும் பூச்சிகளுக்குக் கணக்கில்லை. கூலி கேளாத அக்காவற்காரனை விரட்டிவிட்டுக் கடையில் மருந்துப்புட்டி வாங்குவது என்ன கணக்கு?

தமிழ் கற்பிப்போர் மறக்கலாகாத பூச்சி ஒன்று எஞ்சியுள்ளது. ஏட்டையும் நூலையும் துளைக்கும் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயரிட்டனர் முன்னோர். பட்டதும் ஊடுருவிச் செல்லும் அம்பு என்னும் பொருத்தம் கருதி இட்ட பெயர் போலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நூல்களின் ஓலைச்சுவடிகளைத் தேடியவர்கள், செல்லரித்த சுவடிகளின் முன் கலங்கி நின்றனர். சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887-இல் அச்சேற்றினர். 1894-இல் புறநானூறு அச்சாயிற்று. இன்னும் சில காலம் தாழ்த்திருந்தால் பூச்சியின் வயிற்றுக்குள் சென்றிருக்கக்கூடிய செல்வம் அது. ஓலையைப் பூச்சி அரித்தது உண்மை. ஆனால் எப்பொழுது அரித்தது? பெயர்த்தெழுதுவாரும் பிரித்துப் பார்ப்பாரும் இல்லாமற்போன பின்னர் அரித்தது.

மலைத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் நூலக அலமாரியிலும் இதே போராட்டம் நடைபெறுகிறது. ஈரக்காற்றையும் நூற்கட்டின் பசையையும் நாடி வெள்ளிநிறப் பூச்சிகள் வருகின்றன. பூட்டிய அலமாரியில் பாச்சை உருண்டைகளைக் கொட்டிவைத்தால் பூச்சியும் வாராது. அம்மணத்துக்கு அஞ்சி மாணவனும் வாரான். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தி, வெயில் கண்ட நாளில் கதவுகளைத் திறந்து, நூல்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுவதே மேலான காவல். பலர் புரட்டும் நூலில் பூச்சி குடியேறத் துணிவதில்லை.

எறும்பு முதல் இராமபாணம் வரை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பூச்சி என்பது வீட்டைப் பற்றிய ஓர் அறிக்கை. சிந்தியது எது, தேங்கியது எது, இடுக்கு விட்டது எங்கே, திறவாமல் கிடப்பது எது என்பதை அது எழுதிக்காட்டுகிறது. அறிக்கையைக் கொண்டுவந்தவனைக் கொன்றுவிடுவதால் அறிக்கையின் உண்மை அழிவதில்லை. துடைக்கவேண்டியதைத் துடைப்பதும், மூடவேண்டியதை மூடுவதும், கொட்டவேண்டியதைக் கொட்டுவதும் இல்லத்தார் கடமை. கசியும் கூரையும் பிளந்த பலகையும் அடைபட்ட கால்வாயும் இல்லத்தாரால் மட்டும் சீர்ப்படுவன அல்ல. தொழிலாளர்க்கு வழங்கும் இல்லம் எத்தரத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அச்சட்டம் ஏட்டில் உறங்கினால் இராமபாணத்திற்கு இரையாகும். செயலில் வந்தால் மூட்டைப்பூச்சிக்கு இடமில்லாமற்போகும்.

பள்ளிகளில் உடல்நலப் பாடம் நடத்துவோர், பூச்சிகளின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்விப்பதோடு அமையாமல், மாணவர் ஒவ்வொருவரையும் தத்தம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து வரச் செய்யலாம். அலமாரிக் காலின் கிண்ணத்தில் புழு நெளிகிறதா? பானப் புட்டியில் நஞ்சு இருக்கிறதா? தம்பியின் போர்வையில் உருண்டையின் மணம் வீசுகிறதா? இம்மூன்று வினாக்களுக்கு விடை தேடிய பிள்ளை, அன்று மாலையே ஓர் உயிரைக் காத்திருக்கக்கூடும். அழையா விருந்தினர் வந்துகொண்டேதான் இருப்பர். அவரை ஓட்டும் அவசரத்தில் வீட்டுப் பிள்ளைக்கு ஊறு நேராமல் காப்பதே அறிவுடைமை.